நட்சத்திரமும் பொற்றாளமும்

திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குக் காலையில் முதலாவதாக வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் திருநாமத்தை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழியம். அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாவதாக வருபவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதன்பின் வருகிற ஒவ்வொருவனுக்கும் அடி ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். 1823-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பல்லாரி ஜில்லாவில் கலெக்டராக இருந்த கேம்பெல் என்பவர், அங்கிருந்த பள்ளிக்கூடங்களைப் பற்றி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆகவே, பிள்ளைகளைப் பாடத்தின்பால் ஈர்க்க விளையாட்டும் பரிசும் வைப்பது நேற்று வந்த கைப்பேசி கண்டுபிடித்த வித்தை அன்று. கொடுக்கும் பொருள்தான் மாறியிருக்கிறது. பல்லாரிப் பிள்ளைக்குக் கிடைத்ததைக் கடையில் வாங்க முடியாது. மாலையில் கை கழுவினால் அது போய்விடும். ஆனாலும் கலைமகளின் பெயரைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தப் பிள்ளை அன்று முழுவதும் எத்தனை பெருமிதத்தோடு உட்கார்ந்திருப்பான்! கடைசியில் வந்தவனின் நிலையையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

சென்னை நங்கநல்லூரில் ஒரு குடும்பம். மகனும் மருமகளும் காலையில் அலுவலகம் சென்றால் இரவுதான் திரும்புவார்கள். ஒன்பது வயதுப் பேத்தியும் ஆறு வயதுப் பேரனும் பள்ளி விட்டு வந்ததிலிருந்து தாத்தா, பாட்டியின் பொறுப்பு. தாத்தா வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பாட்டிக்குக் கண் அழுத்த நோய். மருந்து விட்டுக்கொண்டால் இருக்கும் பார்வையைக் காக்கலாமே தவிர, போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பெரிய எழுத்துப் புத்தகத்திலும் வரி தெரியாமல் போய்ச் சில காலம் ஆகிறது.

பிள்ளைகள் கணக்குப் பழகட்டும் என்று மருமகள் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கி வைத்திருந்தாள். ஒரு கணக்கைச் சரியாகப் போட்டால் மணியோசையோடு ஒரு பொற்காசு விழும். எத்தனை நாள் விடாமல் போட்டார்கள் என்று ஒரு தீச்சுடர் எண்ணிக்கொண்டே வரும். ஆடி மாதத்தில் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது இரண்டு நாள் அங்கே சிக்னல் கிடைக்கவில்லை. பேத்தியின் 41 நாள் சுடர் அணைந்துவிட்டது. அங்கே பொங்கல் பொங்கிக் குலவை ஒலிக்கும்போது குழந்தை வண்டிக்குள் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் அதைக் கண்டு வருந்தினார்கள். தாத்தாவுக்கோ அதில் ஒரு வழி தோன்றியது. இத்தனை பிடிப்பு உண்டாகுமானால் அதை நல்ல காரியத்துக்குத் திருப்பலாமே! ஊர் திரும்பியதும் பெரிய தாள் ஒன்றில் பேரேடு போலக் கோடு இழுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். வாய்ப்பாடு, கையெழுத்து, தமிழ் வாசிப்பு, சுலோகம், கோயில் என்று ஐந்து பத்திகள். கடையிலிருந்து தங்க நிற ஒட்டு நட்சத்திரங்கள் வந்தன. பத்து நட்சத்திரத்துக்கு ஐஸ்கிரீம், நூறுக்கு அவரவர் கேட்கும் பொருள். ஞாயிறு மாலைதோறும் கணக்கு முடித்து, மீதியை அடுத்த வாரத்துக்கு எடுத்தெழுதி, பிள்ளைகளிடம் கையொப்பமும் வாங்குவார். வங்கிப் பழக்கம் அத்தனை எளிதில் விடுமா?

முதல் மாதம் வீடே வியந்தது. நான்காம் வாய்ப்பாட்டைத் தாண்டாமல் நின்ற பேரன் பன்னிரண்டு வரை ஒப்பித்தான். பேத்தியின் கையெழுத்து முத்து முத்தாக வந்தது. அண்டை வீட்டார் வந்து அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டிலும் அப்படியே ஒட்டினார்கள். அதற்குள் ஒருநாள் பிள்ளையார் கோயிலில், 'மூணு சுத்துக்குப் பதிலா ஒன்பது சுத்தினா மூணு நட்சத்திரம் தருவீங்களா தாத்தா?' என்று பேரன் கேட்டபோது பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தார்.

சிரிக்க முடியாத இடம் ஒன்று வீட்டுக்குள் இருந்தது. விளக்கேற்றிய பிறகு பாட்டிக்குப் பெரிய புராண உரைநடைப் புத்தகத்தில் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுவது பேத்தியின் வழக்கம். ஏழு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றபோது தொடங்கியது அது. அப்போது பாட்டியின் விரல் வரியைக் காட்ட, குழந்தையின் குரல் பின்தொடர்ந்தது. பிறகு பாட்டியின் விரல் வரியைத் தவறவிட்டது. குழந்தையே பாட்டியின் விரலைப் பிடித்து வரியின்மேல் வைத்துக்கொண்டு வாசித்தாள். யாரும் ஏவியதில்லை. யாரும் பாராட்டியதும் இல்லை. எப்படியும் வாசிக்கிறாளே, அவளுக்கும் உரியதைக் கொடுப்பதுதானே நியாயம் என்று பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம் வீதம் தாத்தா அதையும் பேரேட்டில் சேர்த்திருந்தார்.

சில வாரங்களில் வாசிப்பு மாறியது. படம் உள்ள பக்கங்கள் முதலில் வந்தன. அரைப் பக்கம் முழுப் பக்கமாக எண்ணப்பட்டது. நீளமான வரிகள் தாவப்பட்டன. அறுபத்துமூவர் வரலாற்றையும் நெஞ்சில் வைத்திருந்த பாட்டிக்கு எந்த வரி விடுபட்டது என்று தெரியாதா? அவர் ஒன்றும் சொல்லவில்லை. கார்த்திகை மாதத்தில் நூறு நட்சத்திரம் நிறைந்து வண்ணப் பெட்டியும் வந்து சேர்ந்தது. அடுத்த நூறுக்கு என்ன என்று தாத்தா இன்னும் அறிவிக்கவில்லை. அன்று மாலை பாட்டி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

'இன்னைக்கு நட்சத்திரம் உண்டா பாட்டி? தாத்தா எதுவும் சொல்லலையே.'

'வேண்டாம்மா. நீ போய் விளையாடு.'

பாட்டி புத்தகத்தை மூடிப் பட்டுத்துணியில் சுற்றிப் பூஜை அலமாரியில் வைத்தார். திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளிய இடம் அது. கதை அங்கேயே நின்றது.

அந்த வீட்டில் நடந்ததை மேல்நாட்டு உளவியல் அறிஞர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் நடத்திய அந்த ஆய்வு 1973-இல் வெளிவந்தது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ளவர்கள். ஒரு பிரிவினரிடம், படம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் பதித்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்னதாகவே சொன்னார்கள். இரண்டாம் பிரிவினருக்கு முன்னே ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாத நாளில் வகுப்பில் பேனாக்களை வைத்துவிட்டுக் கவனித்தார்கள். முன்னமே பரிசு பேசப்பட்ட குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கோ ஆசை சற்றும் குறையவில்லை.

சான்றிதழ் ஒன்றேதான். முன்னதாகப் பேசியதா, பின்னால் தானாக வந்ததா என்பதே வேற்றுமை. முன்னால் பேசினால் அது கூலி. கூலி நின்றால் வேலையும் நிற்பதில் வியப்பில்லை.

கயிலாயத்திலேயே இந்தச் சங்கடம் நேர்ந்ததை அன்பர்கள் அறிவார்கள். கனி ஒன்று, பிள்ளைகள் இருவர், உலகைச் சுற்றி வருபவருக்குப் பரிசு என்று முன்னறிவிப்பு. மூத்தவர் அம்மையப்பரையே சுற்றிக் கனியைப் பெற்றுக்கொண்டார். இளையவர் கோபித்துக்கொண்டு பழனிமலை ஏறிவிட்டார். அதனால் உலகுக்குப் பழனி கிடைத்தது, உண்மைதான். ஆனால் எல்லா வீட்டிலும் கோபித்துக்கொண்டு போகிற பிள்ளை தண்டாயுதபாணியாக நிற்பதில்லை.

கூலி பேசாமல் விளையாட்டாகவே கற்பித்த ஆசான் ஒருவரும் நம் மரபில் உண்டு. பஞ்சதந்திரத்தின் தோற்றுவாயில், தென்திசையில் மகிளாரோப்பியம் என்னும் நகரத்தை ஆண்ட அமரசக்தி என்ற அரசன், படிப்பில் நாட்டமே இல்லாத தன் மூன்று புதல்வர்களையும் விஷ்ணுசர்மாவிடம் ஒப்படைக்கிறான். கற்பித்தால் நூறு நிலமானியங்கள் தருவதாகவும் சொல்கிறான். வித்தையை விற்பதில்லை என்று விஷ்ணுசர்மா மறுத்துவிட்டு, ஆறே மாதத்தில் நீதி நூல் முழுவதையும் கற்பிப்பதாக உறுதி கூறுகிறார். அப்போது அவருக்கு வயது 80. அந்த வயதில் ஓர் ஆசான் மூன்று முரட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்க வழிதேடியபோது நரியும் காளையும் காக்கையும் ஆமையும் அவருக்குக் கை கொடுத்தன. ஒரு கதைக்குள் இன்னொரு கதை, அதற்குள் வேறொன்று. 'பிறகு என்ன ஆயிற்று?' என்ற ஆவல்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பரிசு.

நங்கநல்லூர் வீட்டில் புத்தகம் மூடிய நிலையில் ஒரு வாரம் கடந்தது. பாட்டியின் மௌனத்தைத் தாத்தாவால் தாங்க முடியவில்லை. குழந்தைக்குப் பரிசு கொடுப்பது அத்தனை குற்றமா என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

'கோலக்காவிலே சுவாமி பொற்றாளம் கொடுத்தாரே, அது பரிசுதானே?' என்றார் பாட்டி. 'குழந்தை கை சிவந்து போச்சேன்னு கொடுத்தார். பாடினதுக்குக் கூலின்னா கொடுத்தார்?'

சீர்காழிக்கு அருகிலுள்ள திருக்கோலக்காவின் வரலாறு அது. ஞானப்பால் உண்டு பாடத் தொடங்கிய மூன்று வயதுக் குழந்தை திருஞானசம்பந்தர், தம் பிஞ்சுக் கைகளையே தட்டித் தாளமிட்டுக்கொண்டு அத்தலத்தில் பாடினார். உள்ளங்கை சிவந்தது. திருவைந்தெழுத்து பொறித்த பொற்றாளம் அவர் கையில் வந்து சேர்ந்தது. இறைவன் கொடுத்த தாளத்துக்கு அம்பிகை ஓசை கொடுத்தாள். இன்றும் அத்தலத்தில் இறைவன் தாளமுடையார், அம்பிகை ஓசை கொடுத்த நாயகி. பாடினால் தாளம் தருகிறேன் என்று யாரும் முன்னே பேசவில்லை. கிடைத்த பொருளும் தின்றுவிடுகிற பண்டமோ, பாட்டை மறக்கச் செய்கிற பொம்மையோ அன்று. கை நோகாமல் மேலும் பாடுவதற்கு உதவும் கருவி அது.

நவராத்திரிக் கொலுவில் பாடிய குழந்தைக்கும் சுண்டல் உண்டு; வெட்கப்பட்டுத் தாயின் பின்னால் ஒளிந்துகொண்ட குழந்தைக்கும் சுண்டல் உண்டு. பிரசாதம் என்பதன் இயல்பு அது. அதனாலேயே எந்தக் குழந்தையும் சுண்டலுக்காகப் பாட்டை வெறுத்ததில்லை.

தாத்தா பேரேட்டை முற்றிலும் கிழித்தெறியவில்லை. வாய்ப்பாடு, கையெழுத்து இரண்டையும் விட்டுவைத்தார். அவர் அப்படிச் செய்தது சரியே. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதில் பிறவியிலேயே காதல் கொண்ட குழந்தைகள் அரிது. இல்லாத ஆசையை நட்சத்திரம் எப்படிக் குறைக்கும்? வறண்ட வேலைக்கு அது ஊன்றுகோல். வாசிப்பு, சுலோகம், கோயில் என்ற மூன்று பத்திகளின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டப்பட்டது. பேத்திக்கு அந்தக் கணக்கில் 37 நட்சத்திரம் மீதி இருந்தது. அதற்குரியதை ஒரு குறையும் இல்லாமல் கொடுத்துக் கணக்கை முடித்தார். 'சொன்ன வாக்கு' என்றார். குழந்தை அதை வாங்கிக்கொண்டு முகம் திருப்பிக்கொண்டாள். மார்கழி பிறந்தும் பட்டுத்துணி அவிழவில்லை. பரிசு நின்றவுடன் பழைய ஆசை துள்ளிக்கொண்டு திரும்பிவிடும் என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வைகுண்ட ஏகாதசி வந்தது. இரவு கண்விழிப்பதற்காகத் தாத்தா பரமபத சோபான படத்தைக் கூடத்தில் விரித்தார். ஏணிகளுக்கு நற்குணங்களின் பெயர்கள். பாம்புகளுக்கு அசுரர்களின் பெயர்களும் தீக்குணங்களின் பெயர்களும். அச்சுக்கு அச்சு இவை மாறுவதுண்டு. ஆனால் பரமபதத்தின் வாசலருகே வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும் அந்தப் பெரிய பாம்பு எல்லாப் படத்திலும் உண்டு. அதன் வாயில் விழுந்து அடித்தளத்துக்கு வந்தவர்கள் எத்தனை தலைமுறையினர்! இந்த விளையாட்டுத்தான் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கடல் கடந்து போய், பெயர்களையும் தெய்வங்களையும் இழந்து, நூறு கட்டங்களும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது.

பாட்டியும் ஆட உட்கார்ந்தார். தாயக்கட்டையை உருட்ட முடிந்தது. விழுந்த எண்ணும் கட்டமும் தெரியவில்லை.

'நான் எங்கேம்மா இருக்கேன்?'

பேத்திதான் பாட்டியின் காயை நகர்த்திக் கட்டத்தின் பெயரை வாசித்தாள். முதலில் வேண்டாவெறுப்பாக. பிறகு குரல் உயர்ந்தது. 'பாட்டி, உங்களைப் பொறாமை கடிச்சிடுச்சு!' என்று அவள் கூவியபோது வீடு முழுவதும் சிரித்தது. 'இத்தனை வயசுக்கு அப்புறமா?' என்றார் பாட்டி. நள்ளிரவு தாண்டியும் ஆட்டம் நடந்தது. பேரன் இரண்டு முறை பெரிய பாம்பிடம் அகப்பட்டு, இரண்டு முறையும் அழாமல் அடியிலிருந்து ஏறத் தொடங்கினான். ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. தாத்தா அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து, விளக்கேற்றும் நேரத்தில் பேத்தி பூஜை அலமாரியின் முன்னே வந்து நின்றாள்.

'பாட்டி, அப்பர் இன்னும் கடல்லேயேதான் இருக்காரா?'

கல் மிதந்தது. அப்பர் சுவாமிகள் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார். அன்று இரண்டு பக்கத்துக்குப் பதிலாக ஐந்து பக்கம் ஓடியது. நட்சத்திரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நாள் தவறாமல் வாசிப்பு நடக்கிறது என்று சொன்னால் அது மிகை. தேர்வு நாள்களில் நின்றுவிடும். தோழி வீட்டுக்கு வந்தால் மறந்துவிடும். தாவும் வரிகளும் இப்போதும் உண்டு. பாட்டி அவற்றைத் தம் நினைவிலிருந்து சொல்லி இட்டு நிரப்புகிறார். தை மாதத்தில், பண்டிகையும் பிறந்தநாளும் இல்லாத ஒரு சாதாரணப் புதன்கிழமை, பாட்டி தம் சிக்குப்பலகையை எடுத்துக் குழந்தையின் முன்னே விரித்து வைத்தார். அவருடைய மாமியார் பாராயணத்துக்கு வைத்திருந்த பழைய தேக்குப் பலகை. மடியில் புத்தகம் வைத்துக் குனிந்து குனிந்து குழந்தைக்குக் கழுத்து வலிப்பதைச் சில நாளாக அவர் உணர்ந்திருந்தார். 'இனிமே இது உன்னோடது' என்றதோடு சரி. எதற்காக என்று சொல்லவில்லை. பேரன் அதை விமானமாக்கிப் பறக்கவிட முயன்றது தனிக் கதை.

அந்தப் பலகையின் மேல் இப்போது திருஞானசம்பந்தர் வரலாறு திருவீழிமிழலை வரை வந்திருக்கிறது. பஞ்சகாலம். அடியார்களுக்கு அன்னம் இடுவதற்காக இறைவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசு பலிபீடத்தில் வைக்கிறார். அப்பரின் காசு உடனே மாறுகிறது. சம்பந்தரின் காசுக்குக் கடைக்காரர்கள் வாசி கேட்கிறார்கள். அவர் மடத்தில் சமையல் தாமதமாகிறது.

'வாசின்னா என்ன?' என்று கேட்டாள் பேத்தி.

பாட்டிக்கு முன்பே தாத்தா பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். காசின் முகமதிப்பு, அதன் மாற்று, மாற்றுக் குறைந்தால் பிடிக்கும் வட்டம், வங்கியில் உண்டியலைத் தள்ளுபடி செய்யும் முறை என்று 34 ஆண்டு அனுபவமும் கூடத்தில் இறங்கியது. அடுக்களையில் குழம்பு ஆறியது.

'அப்பருக்கு மட்டும் ஏன் முழுக்காசு?'

'அவர் பாடினதோட நிக்கலை. உழவாரப் படையைக் கையிலே எடுத்துக்கிட்டுக் கோயில் கோயிலாப் புல்லும் செதுக்கினார்' என்றார் பாட்டி.

குழந்தை சற்று யோசித்தாள். 'அப்போ சுவாமியும் பேரேடு வைச்சிருக்காரா தாத்தா?'

தாத்தாவுக்கு உடனே விடை கிடைக்கவில்லை. 'அந்தக் காசிலே ரெண்டு பேரும் தனக்குன்னு ஒண்ணும் வாங்கிக்கலை, அடியாருக்குச் சோறு போட்டாங்க. மேலே படி, சம்பந்தர் சுவாமிகிட்டயே போய்க் கேக்கப் போறார்' என்றார் பாட்டி. பேத்தி பாட்டியின் விரலை எடுத்து அடுத்த வரியின்மேல் வைத்தாள்.